வரியும் வளியும்

நுழையும்முன்

மூச்சுவிடுவதற்கு எவரும் வரி செலுத்துவதில்லை. ஆயினும், நாம் மூச்சாக உள்ளிழுக்கும் காற்றின் தூய்மைக்கும் அரசு விதிக்கும் வரிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. எதற்கு வரி கூடுகிறதோ அதன் பயன்பாடு குறையும். எதற்கு வரி குறைகிறதோ அது பெருகும். இந்த எளிய உண்மையைக் காற்று மாசைக் குறைக்கும் கருவியாக அரசுகள் கையாண்டு வருகின்றன. அக்கருவியின் ஆற்றலையும் எல்லையையும், அதில் உள்ளாட்சி அமைப்புகளுக்குரிய பங்கையும் தேனி மாவட்டத்தை முன்வைத்து விளக்குகிறது இக்கட்டுரை.

பள்ளத்தாக்கும் காற்றும்

'ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்' என்பது பழமொழி. இதன் பொருளைக் கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்வோர் ஆண்டுதோறும் உணர்கின்றனர். மேற்கே மேற்குத்தொடர்ச்சி மலை. கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலைகளும். இடையே முல்லைப்பெரியாற்று நீரால் செழிக்கும் நெல்வயல்களும் வாழைத்தோட்டங்களும் திராட்சைப் பந்தல்களும். தென்மேற்குப் பருவக்காலத்தில் மலையிடைவெளிகளின் வழியே இறங்கும் காற்று, இப்பள்ளத்தாக்கில் விசைகொண்டு வீசுகிறது. தமிழகத்தில் காற்றாலைகளுக்கு உகந்தவையாகக் கருதப்படும் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய கணவாய்களோடு கம்பம் கணவாயும் ஒருங்கே எண்ணப்படுவது இதனால்தான். ஆண்டிபட்டி, கண்டமனூர், உத்தமபாளையம் வட்டாரங்களில் மானாவாரி நிலங்களுக்கிடையே நெடிதுயர்ந்து நிற்கும் காற்றாலைகளை வழிப்போக்கர் எவரும் காணலாம்.

அக்காற்றாலைகளைச் சுழலச் செய்வது காற்று. ஆனால், அவற்றை அங்கே நிறுவச் செய்ததில் வரிச்சட்டத்திற்கும் பெரும்பங்கு உண்டு.

கணக்கில் வராத செலவு

நிலக்கரியை எரித்து மின்சாரம் ஆக்கும்போது கந்தக டைஆக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் நுண்துகள்களும் காற்றில் கலக்கின்றன. 2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைந்த விட்டமுடைய துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை சென்று குருதியிலும் கலக்கவல்லவை. நோயுற்றவர் மருத்துவத்திற்குச் செலவிடுகிறார்; கூலி வேலையை இழக்கிறார். இச்செலவு மின்சாரத்தின் விலையில் சேர்க்கப்படுவதில்லை. மாசு உண்டாக்கியவர் ஒருவர், அதற்கு விலை கொடுப்பவர் வேறொருவர் என்னும் நிலை உருவாகிறது.

இந்த முரணைச் சீர்செய்ய அரசுக்கு இரு வழிகள் உள்ளன. ஒன்று, மாசு உண்டாக்கும் பொருளுக்கு வரியைக் கூட்டுவது. இந்தியாவில் 2010ஆம் ஆண்டில் ஒரு டன் நிலக்கரிக்கு 50 ரூபாய் எனத் தொடங்கிய தூய ஆற்றல் மேல்வரி, 2016ஆம் ஆண்டில் 400 ரூபாயாக உயர்ந்தது இவ்வகை. மற்றொன்று, தூய்மையான மாற்றுக்கு வரியைக் குறைப்பது. இதனையே வரி ஊக்கம் அல்லது வரிச்சலுகை என்கிறோம்.

வரி என்பது அளவறிந்து கையாளவேண்டிய கருவி என்பதைத் தமிழர் நெடுங்காலத்திற்கு முன்பே அறிந்திருந்தனர். பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் கூறிய அறிவுரை புறநானூற்றில் உள்ளது. சிறுநிலத்தில் விளைந்த நெல்லையும் அறுத்துக் கவளமாக்கினால் யானைக்குப் பலநாள் உணவாகும்; யானையே வயலில் புகுந்தால் உண்பதைவிடக் காலால் மிதிபட்டு அழிவதே மிகுதி என்பது அவர் காட்டிய உவமை. வரி வாங்குவதற்கு மட்டுமன்று, வரியை விட்டுக்கொடுப்பதற்கும் இவ்வறிவுரை பொருந்தும். அளவும் முறையும் அறியாமல் விட்டுக்கொடுக்கும் வரியும் வீணாகும்.

காற்றாலையை நிறுவிய வரிச்சலுகை

தமிழகத்தில் 1986ஆம் ஆண்டில் தூத்துக்குடியில் செயல்விளக்கக் காற்றாலைகள் அமைக்கப்பட்டன. தொழில்நுட்பம் புதிது, செலவும் மிகுதி. எனவே, தனியார் முதலீட்டை ஈர்க்க ஒன்றிய அரசு 'விரைவுத் தேய்மானம்' என்னும் சலுகையை வழங்கியது.

தேய்மானம் என்பது யாது? ஓர் எந்திரம் ஆண்டுதோறும் தேய்ந்து மதிப்பிழக்கிறது. அம்மதிப்பிழப்பை நிறுவனம் தன் இலாபத்திலிருந்து கழித்துக்காட்டி, எஞ்சிய இலாபத்திற்கு மட்டும் வருமானவரி செலுத்தலாம். பொதுவான எந்திரங்களுக்கு ஆண்டுக்கு 15 விழுக்காடு கழிக்க இசைவு உண்டு. காற்றாலைக்கோ 1990களில் முதலாண்டிலேயே 100 விழுக்காடும், பின்னர் 80 விழுக்காடும் கழித்துக்கொள்ளலாம் என விதி தளர்த்தப்பட்டது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு நூற்பாலை 5 கோடி ரூபாயில் காற்றாலை அமைக்கிறது. வரிவிகிதம் 30 விழுக்காடு. பொதுவிதிப்படி முதலாண்டில் 75 இலட்சம் ரூபாயைக் கழிக்கலாம். மிச்சமாகும் வரி 22.5 இலட்சம் ரூபாய். விரைவுத் தேய்மானத்தின்படி 4 கோடி ரூபாயைக் கழிக்கலாம்; மிச்சமாகும் வரி 1.2 கோடி ரூபாய். பல ஆண்டுகளில் சிறிது சிறிதாகக் கிடைக்கவேண்டிய பயன், பெரும்பகுதி முதலாண்டிலேயே கைக்கு வந்துவிடுகிறது. தொழில் நடத்துவோர்க்கு இது பெரிய ஈர்ப்பு. கோயம்புத்தூர், திருப்பூர்ப் பகுதிகளைச் சேர்ந்த நூற்பாலைகளும் பின்னலாடை நிறுவனங்களும் தமிழகக் கணவாய்களில் காற்றாலைகளை அமைத்ததற்கு, தம் மின்தேவையோடு இச்சலுகையும் காரணமாயிற்று. இன்று தமிழகத்தின் காற்றாலை நிறுவுதிறன் 10,000 மெகாவாட்டைக் கடந்துவிட்டது.

சலுகை கற்பித்த பாடம்

வரிச்சலுகை வெற்றி பெற்றது. கூடவே ஒரு குறையையும் வெளிப்படுத்தியது. காற்றாலையை நிறுவியதற்குச் சலுகை கிடைத்ததேயன்றி, அது எவ்வளவு மின்சாரம் ஆக்கியது என்பதற்கு அன்று. காற்று குறைந்த இடத்தில் நிறுவினாலும் வரிப்பயன் ஒன்றே. எனவே, மின்சாரத்தைவிட வரிச்சேமிப்பையே நோக்கமாகக் கொண்டோரும் இதனைப் பயன்படுத்தினர்.

இக்குறையைக் களைய 2009ஆம் ஆண்டின் இறுதியில் 'உற்பத்திசார் ஊக்கத்தொகை' அறிமுகமாயிற்று. விரைவுத் தேய்மானத்தைக் கோராத காற்றாலைகள் மின்தொகுப்பிற்கு வழங்கும் ஒவ்வோர் அலகு மின்சாரத்திற்கும் 50 காசு வழங்குவது இத்திட்டம். வாங்கியதற்கன்றி, விளைந்ததற்குப் பரிசு என்பது இதன் கருத்து.

2012ஆம் ஆண்டு ஏப்ரலில் காற்றாலைகளுக்கான விரைவுத் தேய்மானம் விலக்கிக்கொள்ளப்பட்டது. உற்பத்திசார் ஊக்கத்தொகையும் அப்போது தடைப்பட்டது. அதன் விளைவு உடனே தெரிந்தது. 2011-12ஆம் நிதியாண்டில் நாடு முழுவதும் ஏறத்தாழ 3,200 மெகாவாட் அளவுக்குப் புதிய காற்றாலைகள் நிறுவப்பட்டன. அடுத்த ஆண்டில் அது ஏறத்தாழ 1,700 மெகாவாட்டாகச் சரிந்தது. பின்னர் 2013ஆம் ஆண்டில் ஊக்கத்தொகையும் 2014ஆம் ஆண்டில் விரைவுத் தேய்மானமும் மீண்டும் கொண்டுவரப்பட்டன. 2017ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேய்மான விகிதம் 40 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. சலுகை திடீரெனத் தோன்றுவதும் மறைவதும் தொழிலை நிலைகுலையச் செய்யும். முன்னறிவித்துப் படிப்படியாகக் குறைப்பதே முறை என்பது இதனால் விளங்கும்.

பயன் எங்கே சென்றது?

இங்கு ஒரு வினா எழுகிறது. தேனி மாவட்டத்தில் நிலக்கரி அனல்மின் நிலையம் இல்லை. பள்ளத்தாக்கின் காற்றாலைகள் ஆக்கும் மின்சாரம் மாநில மின்தொகுப்பில் கலக்கிறது. அதனால் குறையும் நிலக்கரிப்புகை, தூத்துக்குடி, மேட்டூர், எண்ணூர் போன்ற அனல்மின் நிலையங்களைச் சூழ்ந்து வாழ்வோர்க்குப் பயன் தருகிறது. வரிச்சலுகையோ காற்றாலையின் உரிமையாளரைச் சேர்கிறது. காற்றையும் நிலத்தையும் தந்த பள்ளத்தாக்கின் சொந்தக் காற்று எந்நிலையில் உள்ளது?

பள்ளத்தாக்குகளுக்கு ஓர் இயல்பு உண்டு. குளிர்காலப் பின்னிரவில் மலைச்சரிவுகளிலிருந்து இறங்கும் குளிர்காற்று அடியில் தங்க, அதன்மேல் வெப்பக்காற்று மூடிபோல் அமையும். அடியில் எழும் புகை மேலேற வழியின்றித் தேங்கி நிற்கும். இதனை வெப்பநிலைத் தலைகீழ் மாற்றம் என்பர். கார்த்திகை, மார்கழித் திங்கள்களில்தான் சபரிமலைக்குச் செல்லும் ஊர்திகள் தேனி, கம்பம் வழியே குமுளிச் சாலையை நிறைக்கின்றன. விடியுமுன்னரே கம்பம், போடி பகுதிகளிலிருந்து கேரள எல்லையின் ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறுகின்றன. தெருவோரங்களில் குப்பை எரிக்கப்படுவதும் உண்டு. ஆடிக்காற்று அடித்துச்செல்லும் புகையை மார்கழிக் குளிர் நிறுத்திவைக்கிறது.

2019ஆம் ஆண்டு சனவரியில் தொடங்கப்பட்ட தேசியத் தூயகாற்றுத் திட்டத்தில் தமிழகத்திலிருந்து சென்னை, மதுரை, திருச்சிராப்பள்ளி, தூத்துக்குடி ஆகிய நகரங்கள் இடம்பெற்றன. தேனி போன்ற சிறுநகரங்கள் அதற்கு வெளியே உள்ளன. ஆகவே, இத்தகைய ஊர்களின் காற்றைக் காக்கும் பொறுப்பில் பெரும்பகுதி உள்ளாட்சி அமைப்புகளின் தோளில் விழுகிறது.

ஊர்திகளுக்கான வரிச்சலுகைகள்

ஊர்திப்புகையைக் குறைக்கவும் வரி பயன்படுகிறது. மின்கல ஊர்திகள் மீதான சரக்கு மற்றும் சேவை வரி 2019ஆம் ஆண்டு ஆகத்து முதல் 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட மின்வாகனக் கொள்கை, மின்கல ஊர்திகளுக்கு மோட்டார் வாகன வரியிலிருந்து முழுவிலக்கு அளித்தது. 2022ஆம் ஆண்டு இறுதிவரை எனத் தொடங்கிய அவ்விலக்கு, 2025ஆம் ஆண்டு இறுதிவரை நீட்டிக்கப்பட்டது. பழைய ஊர்தியை முறைப்படி கழிவாக்கிச் சான்று பெற்றுப் புதிய ஊர்தி வாங்குவோர்க்கு மோட்டார் வாகன வரியில் சலுகை அளிக்க, 2022ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஒன்றிய அரசின் விதிகள் வழிசெய்கின்றன. சொந்தப் பயன்பாட்டு ஊர்திக்கு 25 விழுக்காடு வரையும் போக்குவரத்து ஊர்திக்கு 15 விழுக்காடு வரையும் சலுகை வழங்கலாம்.

இவற்றை ஏலத்தோட்டத் தொழிலாளியின் பார்வையில் எண்ணிப்பார்க்க வேண்டும். புதிய மகிழுந்து வாங்குபவர்க்கே மகிழுந்துச் சலுகை பயன்படும். ஜீப்பில் நெருக்கியடித்துப் பயணம் செய்பவர் எந்தச் சலுகையையும் நேரடியாகப் பெறுவதில்லை. புகையை மட்டும் பெறுகிறார். அவரை ஏற்றிச்செல்லும் ஓட்டுநர் தம் பழைய ஊர்தியை மாற்ற விரும்பினால், அவருக்குரிய சலுகையின் உச்சவரம்பு சொந்தப் பயன்பாட்டுக்கு ஊர்தி வாங்குபவருடையதைவிடக் குறைவு. மலையேறும் ஊர்திக்குத் தேவையான மின்னேற்ற நிலையம் வழியில் இல்லையெனில், வரி முழுமையாக விலக்கப்பட்டாலும் அவர் மாற முன்வரமாட்டார். வரிச்சலுகை விலையைக் குறைக்கும். வழியை அமைத்துத் தராது. வழியமைக்க வேண்டியது ஊர்.

உள்ளாட்சியின் இடம்

1992ஆம் ஆண்டின் 73, 74ஆம் அரசமைப்புச் சட்டத் திருத்தங்கள் உள்ளாட்சிக்கு உறுதியான அடித்தளம் இட்டன. ஊராட்சிகளுக்குரிய பதினோராம் அட்டவணையின் 29 பொருள்களுள் மரபுசாரா ஆற்றலும் ஒன்று. நகராட்சிகளுக்குரிய பன்னிரண்டாம் அட்டவணையின் 18 பொருள்களுள் சுற்றுச்சூழல் பாதுகாப்பும் ஒன்று. தேனி மாவட்டத்தில் தேனி-அல்லிநகரம், பெரியகுளம், போடிநாயக்கனூர், சின்னமனூர், கம்பம், கூடலூர் ஆகிய 6 நகராட்சிகளும், 22 பேரூராட்சிகளும், 130 ஊராட்சிகளும் உள்ளன. இவற்றிற்கு வருமானவரியையோ மோட்டார் வாகன வரியையோ மாற்றும் அதிகாரம் இல்லை. ஆயினும், பிற அரசுகள் தரும் சலுகையைப் பயனுள்ளதாக்கும் ஆற்றல் உண்டு.

இதற்கு நார்வே நாடு சான்று. அங்கு நடுவண் அரசு மின்கல மகிழுந்துகளுக்கு 1990களில் கொள்முதல் வரியையும் 2001ஆம் ஆண்டில் மதிப்புக்கூட்டு வரியையும் நீக்கியது. நகராட்சிகள் தம் பங்காக அவ்வூர்திகளுக்கு இலவச நிறுத்துமிடமும் மின்னேற்ற வசதியும் அளித்தன. பயன் பெருகியபின் சலுகைகள் படிப்படியாகக் குறைக்கப்பட்டன. 2023ஆம் ஆண்டு முதல் விலைமிகுந்த மகிழுந்துகளுக்கு வரி விதிக்கப்படுகிறது. 2024ஆம் ஆண்டில் அங்கு விற்பனையான புதிய மகிழுந்துகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 89 மின்கலத்தால் மட்டுமே இயங்குபவை. நார்வேயின் செல்வநிலை வேறு. நம் நிலை வேறு. எனினும், நடுவண் அரசின் வரியும் நகராட்சியின் வசதியும் கைகோத்த முறை நாம் கருதத்தக்கது.

நம் நாட்டிலும் சான்றுகள் உள்ளன. சூரிய ஆற்றல், மழைநீர்ச் சேமிப்பு, மண்புழு உரம் ஆகியவற்றுள் ஒன்றைக் கைக்கொண்ட வீட்டுக்குச் சொத்துவரியில் 5 விழுக்காடும், இரண்டைக் கைக்கொண்ட வீட்டுக்கு 10 விழுக்காடும் தள்ளுபடி அளிக்கும் முறையைப் புனே மாநகராட்சி நடைமுறைப்படுத்தியது. வீட்டுக்கழிவு உரமானால் எரிபடும் குப்பை குறையும். சூரிய ஆற்றல் பெருகினால் நிலக்கரிப்புகை குறையும். தமிழக நகர்ப்புற உள்ளாட்சிகளில், அரையாண்டின் முதல் 30 நாள்களுக்குள் சொத்துவரி செலுத்துவோர்க்கு 5 விழுக்காடு, உச்சமாக 5,000 ரூபாய், ஊக்கத்தொகை வழங்கப்படுகிறது. காலத்தோடு வரி செலுத்துவதை ஊக்குவிக்க முடியுமாயின், காற்றைக் காப்பதையும் அதே வழியில் ஊக்குவிக்க எண்ணலாம்.

தெரிந்து தெளிவோம்

கோயம்புத்தூர் மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி, 2006ஆம் ஆண்டில் 350 கிலோவாட் திறனுள்ள காற்றாலையை ஏறத்தாழ 1.55 கோடி ரூபாய்ச் செலவில் சொந்தமாக்கிக்கொண்டது. ஊராட்சியின் சேமிப்பு 40 இலட்சம், எஞ்சியது வங்கிக்கடன். காற்று வளமிக்க உடுமலைப்பேட்டைப் பகுதியில் அக்காற்றாலை நிறுவப்பட்டது. ஊரின் தேவைக்குமேல் ஆகும் மின்சாரம் மின்வாரியத்திற்கு விற்கப்பட்டது. ஊராட்சி வருமானவரி செலுத்தும் அமைப்பு அன்று. ஆதலால் விரைவுத் தேய்மானத்தால் அதற்குப் பயன் இல்லை. வருமானவரிச் சலுகை எல்லாரையும் எட்டுவதில்லை என்பதற்கும், மன உறுதியுள்ள ஊராட்சி வேறு வழி காணும் என்பதற்கும் இது ஒருங்கே சான்று.

விட்டுக்கொடுப்பதன் விலை

உள்ளாட்சி வரியை விட்டுக்கொடுப்பது எளிதன்று. வீட்டுவரியும் தொழில்வரியும் கொண்டே ஊராட்சி தெருவிளக்கை எரிக்கிறது, குடிநீர் வழங்குகிறது, தூய்மைப் பணியாளர்க்கு ஊதியம் தருகிறது. ஒரு பேரூராட்சியில் 1,000 வீடுகள் ஆண்டுக்கு 2,000 ரூபாய் வீதம் சொத்துவரி செலுத்துவதாகக் கொள்வோம். 5 விழுக்காடு தள்ளுபடி அளித்தால் வீடொன்றுக்கு மிச்சம் 100 ரூபாய். பேரூராட்சிக்கு இழப்பு 1 இலட்சம் ரூபாய். 100 ரூபாயை நம்பி எவரும் கூரையில் சூரியத்தகடு பதிக்கமாட்டார். ஆனால், அந்த 1 இலட்சம் ரூபாயைக் கொண்டு பேருந்து நிலையத்தில் மின்னேற்ற வசதிக்கு அடியெடுத்து வைக்கலாம். குப்பை சேகரிக்கும் மின்கல ஊர்தியைப் பழுதுநீக்கி இயக்கலாம். எனவே, எல்லாருக்கும் சிறிது சிறிதாகப் பகிர்வதா, பொதுவசதி ஒன்றில் திரட்டிச் செலவிடுவதா என்பதை ஒவ்வோர் ஊரும் கணக்கிட்டே தீர்மானிக்க வேண்டும். மேலும், காற்றுக்கு எல்லை இல்லை. ஓர் ஊரின் முயற்சியால் அடுத்த ஊரும் பயன்பெறும். ஆதலால், இழப்பின் ஒரு பகுதியை மாநில அரசு ஈடுசெய்வது முறையாகும். உள்ளாட்சி நிதிநிலையை ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆராயும் மாநில நிதி ஆணையம் இதனைக் கருதலாம்.

சலுகையோடு கண்டிப்பும் தேவை. திடக்கழிவைத் திறந்தவெளியில் எரிப்போர்க்கு 5,000 ரூபாயும், பெருமளவில் எரிப்போர்க்கு 25,000 ரூபாயும் இழப்பீடு விதிக்கத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016ஆம் ஆண்டில் ஆணையிட்டது. ஆயினும், குப்பையைப் பிரித்து வாங்க ஊர்தி வராத தெருவில் தண்டம் விதிப்பது நேர்மையாகாது. வசதியை முதலில் அளித்து, ஊக்கத்தை அடுத்து வழங்கி, தண்டத்தை இறுதியில் கையாள்வதே மக்களாட்சிக்கு ஏற்றது.

ஊர் கேட்கவேண்டிய வினாக்கள்

ஒரு காலத்தில் தமிழக உள்ளாட்சிகள் மிதிவண்டிக்கும் வரி வாங்கி வில்லை வழங்கின. புகையே விடாத ஊர்திக்கு அன்று வரி. புகையற்ற ஊர்திக்கு இன்று வரிவிலக்கு. காலம் மாறும்போது வரியின் நோக்கமும் மாறுகிறது. அம்மாற்றம் நன்மை பயக்கிறதா என்பதை அறிய மூன்று வினாக்கள் போதும். சலுகை யாரைச் சேர்கிறது? வாங்கிய பொருளை அளக்கிறோமா, குறைந்த மாசை அளக்கிறோமா? சலுகை எப்போது, எவ்வாறு முடிவுக்கு வரும்?

இவ்வினாக்களை எழுப்புவதற்குரிய இடம் கிராமசபை. தமிழகத்தில் குடியரசு நாள், உலகத் தண்ணீர் நாள், உழைப்பாளர் நாள், விடுதலை நாள், காந்தியடிகள் பிறந்தநாள், உள்ளாட்சிகள் நாள் என ஆண்டுக்கு ஆறு முறை கிராமசபை கூடுகிறது. மூன்று வினாக்களுள் முதல் இரண்டிற்குத் தொலைவிலுள்ள அலுவலகத்தைவிட ஊரே தெளிவாக விடைகூற இயலும். எந்தத் தெருவில் குப்பை எரிகிறது, எந்தச் சாலையில் புகை தேங்குகிறது, எந்த ஓட்டுநர் ஊர்தியை மாற்ற வழியின்றித் தவிக்கிறார் என்பவற்றை அறிந்தவர்கள் அவ்வூர் மக்களே. வரிச்சலுகை சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் பிறக்கிறது. அது காற்றைத் தூய்மையாக்குவது ஊரில்தான். பதினெட்டு வயது நிறைந்தபின் கிராமசபையில் அமரப்போகும் மாணவர்கள், அவ்வினாக்களை இப்போதே எழுப்பக் கற்றுக்கொள்வது நலம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊராட்சி அல்லது நகராட்சியில் வசூலிக்கப்படும் வரிகளைப் பட்டியலிட்டு, அவற்றுள் எதனைக் காற்றுத் தூய்மைக்கான ஊக்கமாக மாற்றலாம் என வகுப்பில் கலந்துரையாடுக.

2. நிறுவியதற்குச் சலுகை, உற்பத்தி செய்ததற்குச் சலுகை ஆகிய இரண்டையும் ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.

3. உங்கள் தெருவில் புகை எழும் இடங்களையும் நேரங்களையும் ஒரு வாரம் குறித்துவைத்து, கிராமசபைக்கு அளிக்கத்தக்க விண்ணப்பம் ஒன்று வரைக.